ஸ்டெல்லா பன்

கல்லாவுக்குப் பின்னால் பேக்கரி முதலாளி ஞானமுத்து உட்கார்ந்திருந்தார். மைதா மூட்டை மேல் அவர் தம்பி அருளப்பன். ஞானமுத்துவின் மனைவி ஜெசிந்தா அடுப்போரம் நின்றாள். கடையின் ‘ஸ்டெல்லா பன்’ வந்த வரலாற்றை ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி விரும்பித் தின்றதால் வந்த பெயர் என்று அருளப்பன் எழுதி, வாசித்தும் காட்டினான்.

“அது எம் பொண்ணுக்கு நெனச்சு வச்ச பேரு, தம்பி,” என்றாள் ஜெசிந்தா. “ வலி கண்டதும் தட்டை அடுப்புலயே விட்டுட்டு ஓடினேன். பன்னு கருகுனதுல ருசி கூடிச்சு. புள்ளதான் தங்கல.”

“செத்த புள்ள கதையப் போட்டா எவன் மைனி பன்னு வாங்குவான்?”

ஜெசிந்தா பேனாவைப் பிடுங்கி, துரைசாணியை அடித்துவிட்டு ‘எங்கள் மகள்’ என்று எழுதினாள். மைதாப் பசை தடவி உறையை ஒட்டினாள். ஞானமுத்து எழுந்துவந்து தபால்தலையை நீட்டினார். கை மாவோடு அவளே போய்ப் பெட்டியில் போட்டாள்.