இடது பக்கம்

கேட் இல்லாத அந்த ரயில் கிராசிங்கில் ‘நின்று, இரு பக்கமும் பார்த்துச் செல்லவும்’ என்று பலகை இருக்கிறது. நானும் மொபெட்டை நிறுத்திப் பார்ப்பேன். இடது பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு வீடு. அங்கே திலகவதி துணி காயப்போடுவாள். ஊரிலுள்ள சூரியகாந்திப் பூவெல்லாம் சூரியனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்புவதாகக் கேள்வி. பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மனைவி சொர்ணத்துக்கு இது பொறுக்கவில்லை. பென்ஷன் வாங்குகிற வயதிலும் என்மேல் இவ்வளவு சந்தேகமா என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“இனிமே நீங்க வலது பக்கம் மட்டும் பாருங்க. இடது பக்கத்தை நான் பாத்துக்கிறேன்” என்று பூண்டு வாசனை வீசும் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள். அன்றிலிருந்து அப்படித்தான் கடக்கிறோம்.

இன்றும் வழக்கம்போல் எஞ்சினை அணைத்துவிட்டு, “வலது பக்கம் ஒண்ணும் வரலை. அங்கே?” என்றேன்.

“ம்” என்றாள். காலால் உந்தி வண்டியை நகர்த்தினேன். முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது.

“நில்லுங்க. தீபாவளிக்கு எனக்கு எடுத்துக் குடுத்த அதே சேலை. அவளுக்கு எப்படி வந்துச்சு?”

“கடையில அது மாதிரி லட்சம் சேலை இருக்கும், சொர்ணம். ரயில் வருதா, அதைச் சொல்லு.”

“அதே பார்டர்” என்றாள்.

எஞ்சின் ஓடாத வண்டியின் ஹேண்டில்பார் என் கையில் மெல்ல அதிரத் தொடங்கியது. கண்மேல் இருந்த கை இன்னும் இறுகியது.