வில்லுக்காரிக்குக் கொடுத்த பூ

"ஏட்டி, ரெண்டும் பொம்பளையால்லா இருக்கு!"

கனகலட்சுமி பாயில் புரண்டு புரண்டு சிரித்தாள். மடிக்கணினித் திரையில் எங்கள் பேச்சி நெருப்போரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வில்லுக்காரி, பேச்சியின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள்.

சுகப்பிரியா மூலையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பேச்சி எங்கள் மூன்று பேருக்கும் பொது. பாலிடெக்னிக்கில் படித்தபோது சுகப்பிரியாவுக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. யாரோ பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டு. அதில் வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள்தான் பேச்சி. அவளுக்குத் துணையாக வருகிறவள் வில்லுக்காரி. பேச்சிக்குப் பேர் வைத்தவள் கனகலட்சுமி.

நாங்கள் ஒரே போன் கம்பெனியில் ஆளுக்கொரு ஷிப்ட். பிள்ளைப்பாக்கத்து அறைக்குள் ஒருத்தி நுழையும்போது ஒருத்தி கிளம்புவாள். அதனால் பேச்சியையும் ஷிப்ட் போட்டுத்தான் ஆடினோம். ஆடி முடித்தவள் அடுத்தவளுக்கு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். பூதம் இரண்டு காலி. மருந்து மூன்று பாக்கி. கொல்லனோடு சண்டை போட்டுவிட்டேன், கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதே.

வியாழக்கிழமை சுகப்பிரியா இப்படி எழுதியிருந்தாள்: "வில்லுக்காரிக்குப் பூ கொடுத்தேன். என்னைப் பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன்."

கனகலட்சுமிக்கு அந்த வாரம் முழுக்க ஓ.டி. ஞாயிற்றுக்கிழமைதான் நோட்டைப் பிரித்தாள். நான் வெள்ளிக்கிழமையே படித்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணை அமுக்குனா ஆமா, ரெண்டை அமுக்குனா இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சுத் தூக்கக் கலக்கத்துல கை தவறிட்டு, பாவி மவளுக்கு" என்றாள் கனகலட்சுமி.

"கை எதுக்குத் தவறணும்? விளையாட்டே அப்படித்தான்" என்று நான் சண்டைக்குப் போனேன்.

இந்த விளையாட்டை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். குறை இல்லாமல் இல்லை. அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தில் ஒரு டீக்கடை கிடையாது. மந்திரவாதிக்கு ஒரு கதவைத் திறக்க அரைமணி நேரம் பேச வேண்டும். ஆனால் பேச்சியை எங்கள் நிறத்திலேயே செய்ய விட்டார்களே! கொஞ்சம் பவுடர் பூசு என்று அவளிடம் ஒருத்தரும் சொல்வதில்லை. படைத்தலைவனுக்கு ஒரு கால் கிடையாது, அவன்தான் எல்லாருக்கும் முன்னால் போகிறான். கோட்டை வாசல் காவல்காரன், வீட்டில் என் புருஷன் பசியோடு இருப்பான் என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்புகிறான். அதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரிக்க அந்த ஊரில் ஆளே இல்லை. அவனவன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறான்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"வந்துட்டா வக்கீலம்மா. இவ மாமன் செஞ்ச விளையாட்டுல்லா" என்றாள் கனகலட்சுமி. "நீ என்னவும் பேசு. இது ரிஜெக்ட் பீஸ். ரீவொர்க் போட்டே ஆகணும்."

எங்கள் லைனில் அதுதான் வழக்கம். பழுதான போனை, அதைப் பூட்டிய கையிடமே திருப்பி அனுப்புவார்கள். அவளே பிரித்து, அவளே சரியாகப் பூட்ட வேண்டும்.

கனகலட்சுமி, பூ கொடுப்பதற்கு முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்துக்கே ஆட்டத்தைத் திருப்பினாள். பேச்சி மறுபடி நெருப்போரம் தனியாக நின்றாள், கையில் பூவோடு.

"வாட்டி இங்க. ஒன் கையாலயே ரெண்டை அமுக்கு."

சுகப்பிரியா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு நாளாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த 'ஆமா', ஒரு நொடியில் அழிந்துவிட்டது. இப்போது அவள் இரண்டை அமுக்கினால், வியாழக்கிழமை கை தவறியதுதான் உண்மை என்று ஆகிவிடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த அறையில் இருப்பது? வல்லக்கோட்டைப் பக்கம் வேறு அறை தேட வேண்டியதுதான்.

"பொண்ணுங்களா, தண்ணி வந்துடுச்சு! இன்னா பண்ணிக்கினு கீறீங்க உள்ள?"

வீட்டுக்காரம்மா சுந்தராம்பாள் வாசலில் கத்தினாள். அன்று குழாயடி கனகலட்சுமியின் முறை. இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு, "நான் வர்றதுக்குள்ள முடிச்சிருக்கணும்" என்று சூப்பர்வைசர் குரலில் மிரட்டிவிட்டுப் போனாள்.

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சுகப்பிரியா பேச்சியை நடத்திக் கொண்டுபோய்ப் பூவைக் கொடுத்தாள். வில்லுக்காரி வாங்கி முகர்ந்து பார்த்தாள். என்னைப் பிடிக்குமா என்ற கேள்வி ஆங்கிலத்தில் திரையில் வந்தது. கேட்கிறவளின் பேரும் மேலே வந்தது.

அந்தப் பேரையும் கனகலட்சுமிதான் வைத்தாள். வில்லுக்காரிக்கும் எனக்கும் ஒரே மாதிரி தெற்றுப்பல் என்று, என்னைக் கேலி செய்வதற்காக என் பேரையே வைத்துவிட்டாள். சற்று முன்னால் அவள் அப்படிப் புரண்டு சிரித்ததும் அதற்குத்தான்.

தங்கமாரி என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

"கை தவறிட்டுன்னா பரவால்ல, சுகா" என்றேன். "நெசமாவே பரவால்ல."

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே ஒன்றை அமுக்கினாள்.

"அன்னைக்கும் எனக்குத் தூக்கக் கலக்கம்லாம் ஒண்ணும் இல்லட்டி" என்றாள்.