சுமங்கலா தேடி எடுத்த கம்ப்யூட்டர்

குருகிரணைச் சாய்க்க சுமங்கலா தேடிய ஆயுதம் பால் ஒன்றியத்தின் ஸ்டோர் அறையில், கடைசி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. ஒன்பது கம்ப்யூட்டர்களை ஓடவிட்டுப் பார்த்து ஒதுக்கிவிட்டு, பத்தாவதின் முன்னால் வந்து நின்றாள். மஞ்சளேறிய பெட்டி, ஓரத்தில் ஒரு விரிசல்.

"இதுதான்," என்றாள்.

ஸ்டோர் பொறுப்பாளர் தொட்டய்யா திகைத்துப் போனார். "இதையா மேடம்? அந்த பெங்களூர்க்காரருக்கா?"

"அவருக்குத்தான். நாளைக்கு அவர் வாயைத் திறக்க வழியே இருக்கக் கூடாது, தொட்டய்யா."

நாலு வருஷத்துக் கோபம் அது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் குருகிரணின் கீழ் அவள் வேலை பார்த்தபோது மருந்துக்கடைகளுக்காக ஒரு மென்பொருள் செய்தார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் போட்டாலும் ஓட வேண்டும். எந்த ஃப்ரேம்வொர்க்கில், அதாவது எந்த அடிப்படைச் சட்டகத்தின் மேல், கட்டுவது என்ற பேச்சு வந்ததும், எடை குறைந்த ஒன்றை அவள் சொன்னாள்.

பதினோரு பேர் நடுவில் குருகிரண் சிரித்தான். "உங்க ஊர் மாட்டுக்கொட்டாய்க் கம்ப்யூட்டரை மனசுல வெச்சுப் பேசாதே சுமங்கலா. உலகம் புது மிஷின் வாங்குது."

அவன் எடுத்தது ஒரு முழு பிரவுசரையே வயிற்றில் சுமந்து வருகிற ஃப்ரேம்வொர்க். சின்னக் கடைகளில் அது ஊர்ந்தது, புகார்கள் குவிந்தன. அறிக்கையில் 'ஃப்ரேம்வொர்க் தேர்வு: சுமங்கலா' என்று ஒரு வரி எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டான். ஒரே வாரத்தில் அவள் வேலை போயிற்று. அப்புறம் ஆறு கம்பெனிகள் கூப்பிட்டுப் பேசி, அந்த ஒரு வரிக்காகவே அவளைத் திருப்பி அனுப்பின.

இப்போது அவள் மலைநாட்டில் ஒரு பால் ஒன்றியத்தின் தொழில்நுட்ப அதிகாரி. அறுநூறு கிராமச் சங்கங்களில் பால் அளவையும் கொழுப்பையும் பதிய மென்பொருள் வேண்டும் என்று அழைப்பு விட்டதற்கு, கடைசிச் சுற்றில் இரண்டு பேர் தேறினார்கள். ஒருத்தி ஹுப்பள்ளி பவித்ரா. இன்னொருவன் குருகிரண்.

மறுநாள் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி அவன் முகம் வெளுத்தது. உடனே சிரித்துச் சமாளித்தான். "அட, சுமங்கலாவா? கடைசியில மாட்டுக்கொட்டாய்க்கே வந்து சேர்ந்துட்டியா."

"வந்துட்டேன் சார். மோர் குடிங்க."

தன் மடிக்கணினியைத் திறந்தான். மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. "எந்த மிஷின்ல போட்டாலும் இதே முகம்தான் கௌடரே. ஒரு பட்டன் இடம் மாறாது." அது உண்மைதான் என்று சுமங்கலாவுக்கும் தெரியும். ஒன்றியத் தலைவர் ஈரண்ண கௌடர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அதை இதுல போட்டுக் காட்டுங்க சார்," என்று மேசைமேல் இருந்த துணியை இழுத்தாள் சுமங்கலா. மஞ்சள் பெட்டியைப் பார்த்ததும் குருகிரணின் சிரிப்பு நின்றது.

மலைக் கிராமங்களில் இணையம் சரியாக எட்டாது, எதுவானாலும் பென் டிரைவில்தான் போக வேண்டும். அதைச் செருகி ஏற்றவே ஒன்பது நிமிடம் ஆயிற்று. திறந்ததும் பெட்டிக்குள் காற்றாடி அரிசி மில் மாதிரி இரைந்தது. திரை வெள்ளையாக நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒரு பெயரை அடித்துவிட்டு அவன் கையை எடுத்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

சுமங்கலா திரையைப் பார்க்கவில்லை. அவன் பிடரியில் வழிந்த வேர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் நினைத்துப் பார்த்ததைவிட நேரில் ருசியாக இருந்தது.

"ஏம்ப்பா," என்றார் கௌடர், "காலையில அஞ்சரைக்கு நாப்பது பேர் கேனோட வரிசையில நிப்பாங்க. இது கண்ணு முழிக்கறதுக்குள்ள பால் திரிஞ்சிடும்."

அடுத்து பவித்ரா. அவளுடையது பிரவுசரைச் சுமந்து வருவதில்லை, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே ஓடும். கௌடர் ஒரு மிடறு மோர் விழுங்குவதற்குள் திறந்துவிட்டது. பட்டன்கள் கொஞ்சம் கோணலாக நின்றன.

"அழகு கொஞ்சம் கம்மிதான் ஐயா," என்றாள் பவித்ரா.

"பால் அளக்க எதுக்கும்மா அழகு."

குருகிரண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "இது சதி, கௌடரே. இவளுக்கு என்மேல வஞ்சம். வேணும்னே குப்பையில கிடந்ததைத் தேடி எடுத்துட்டு வந்து வெச்சிருக்கா."

கௌடர் திரும்பினார். "நிஜமாம்மா?"

"வஞ்சம் இருக்குங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் சுமங்கலா. "தேடி எடுத்ததும் நான்தான்."

கௌடர் முகம் சுண்டியது. குருகிரணுக்குத் தெம்பு திரும்பியது. "கேட்டீங்களா? அவ வாயாலேயே வந்துடுச்சு. உங்க சங்கத்து மிஷின்கள்ல நல்லதா ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க. இப்பவே ஓட்டிக் காட்டறேன். ஓடலேன்னா நான் பேசாம எந்திரிச்சுப் போயிடறேன்."

"அது நியாயம்," என்ற கௌடர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தொட்டய்யா, இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாய்யா."

தொட்டய்யா நகரவில்லை. சுமங்கலா அமைதியாகப் பவித்ராவின் தாள்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"அறுநூறு சங்கத்துக்கும் மிஷின் அனுப்பறவன் நான்தானுங்களே ஐயா," என்று மஞ்சள் பெட்டியைக் காட்டித் தயங்கினார் தொட்டய்யா. "இருக்கறதுலயே நல்லது இதுதானுங்க."