நாளைக்குள் ஒரு பல்

பல் டாக்டரின் நாற்காலியில் மகளை உட்கார வைத்த பிறகும் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்மலை அடகு வைத்த பணத்தை நீட்டினாள்.

“இவ்வளவுதான் முடியும் டாக்டர். நாளைக்குக் காலைல நாலு பேர் முன்னாடி நிக்கணும். முன்பல் இல்லாம வாயைத் திறந்தா என்ன நினைப்பாங்க?”

“தற்காலிகமா ஒண்ணு கட்டிடலாம். எப்படி விழுந்துச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டா,” என்று முந்திக்கொண்டாள் அம்மா.

“என்ன விசேஷம், கல்யாணமா? பொண்ணு தாராளமா சிரிக்கலாம்.”

மகள் நாற்காலியை விட்டு இறங்கினாள்.

“கம்மலை மீட்டுக்கோம்மா. பல்லை அப்புறம் கட்டிக்கலாம்.”

“மானம் போயிடும்டி.”

“போகட்டும். நாளைக்கு ஜட்ஜ் கேட்டா, உன் மாப்பிள்ளை அடிச்சதுக்கு நான் வேற எதைம்மா காட்டுவேன்?”