பாறை இடுக்கும் ஏறும் கடலும்

ஸ்காட்லாந்தின் வடகரையில், குன்றின் மேல் ஓடும் நடைபாதையை விட்டு இறங்கிவந்த ரோனாவும் தங்கை இஷ்பெலும் பாறைச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கிறார்கள். மேலே ஏற இருப்பது ஒரே ஓர் இடுக்கு. அதன் வாயில் இப்போது ஒரு தாய்க் கடல்நாய் (சீல்), வெள்ளை ரோமக் குட்டியை அணைத்தபடி படுத்திருக்கிறது. ரோனா ஓரடி வைத்தாலே பல்லைக் காட்டிச் சீறுகிறது. மீன் வாடை மூச்சு முகத்தில் அடிக்கிறது. பின்னால் அலை கூழாங்கற்களைக் கறகறவென்று இழுத்துப்போய், முன்னைவிடக் கிட்டத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. சாம்பல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது.

“கடல்நாயைப் பக்கத்துல போய்ப் பாக்கணும்னு நீதானே குதிச்சே. நல்லாப் பாத்துக்கோ.”

“சும்மா இரு அக்கா. பூட்ஸுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. அது மேல கல்லை விட்டு எறியேன்.”

“எறிஞ்சா அது எங்கடி போகும்? குட்டிக்கு இன்னும் நீந்த வராதே.”

பெரிய அலை ஒன்று வந்து குட்டியைப் புரட்டி இழுக்கிறது. தாய் அலறிக்கொண்டு பின்னால் பாய்கிறது. இடுக்கு திறந்துகிடக்க, இஷ்பெல் நாலுகாலில் தாவி ஏறிவிடுகிறாள். ரோனா ஏறப்போகும்போது குட்டி அவள் முழங்காலில் வந்து மோதுகிறது. அவள் அதை இரு கையாலும் வாரி இடுக்குக்குள் தள்ளுகிறாள். தாய் அவள் தோளை உரசிக்கொண்டு மேலேறிக் குட்டியருகே சரிகிறது. வழி மறுபடி அடைபடுகிறது.

“அக்கா, இப்ப நீ எப்படி வருவே?”

ரோனா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி வழியை மறித்த தாயின் ஈர முதுகின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். அது திரும்பவில்லை. சீறவும் இல்லை.