ஒரு கோப்பு அதிகம்

பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்ற எந்த மென்பொருள் தோதுப்படும் என்று பார்ப்பது அவர் வேலை. நாளுக்கொன்றாக மூன்றை ஓட்டினார். ஒவ்வொரு முறையும் புதியதைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினார். பழையதில் 48,216 கோப்புகள். புதியதில் மூன்று நாளும் 48,217.

கூடுதல் கோப்பு மனைவியின் ஃபோல்டரில் இருந்தது. அவளும் இதே அலுவலகத்தில்தான், கீழ்த்தளத்தில் வரைபடம் போட்டாள். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதனால் மதியம் ஒரு மணியானால் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு, அதற்கு ‘சாப்டீங்ளா’ என்று பெயர் வைப்பாள். ‘க’வை எப்போதும் முழுங்கிவிடுவாள். அவள் தவறி ஒன்றரை வருடமாகிறது. அதன்பின் அவர் மதியம் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

கூடுதல் கோப்பின் பெயர் ‘சாப்டீங்ளா’. நேரம், இன்று மதியம் ஒரு மணி.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “எதை முடிவு பண்ணீங்க?”

“ரெண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேக்குறது சார்.”

“காயலான் கடைக்குப் போற பெட்டிக்கு எதுக்குத் திருப்பி அனுப்பணும்? ஒருவழி போதாதா?”

“ஒருவழின்னா பழசுல இல்லாததைப் புதுசுல அழிச்சிடும் சார்.”

“இல்லாதது எப்படி வரும்?”

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலாளர் போனதும், அதே ஃபோல்டரில் ‘இன்னும் இல்ல’ என்று ஒரு வெற்றுக் கோப்பை வைத்து ஓட்டினார். இரண்டு சர்வரிலும் 48,218 என்று வந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 48,219.

புதிய கோப்பின் பெயர், ‘மணி ரெண்டாச்சு, போய்ச் சாப்டுங்’.