பதில் மட்டும் போதும்

“நெட் எல்லாம் வேண்டாம் தம்பி. சத்தம் வந்தா போதும்.”

மெக்கானிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடைக்கு அரைத்தூக்கம்தான் முதலாளி. ரிப்பேருக்கு வந்த மோடம் பெட்டிகளெல்லாம் அலமாரியில் பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே கண் சொருகுவதில் அவருக்கு ஒரு சுகம். எதிரே நின்ற பெண்மணி கனவில் வந்தவளோ என்று ஒரு நொடி குழம்பினார்.

கனவில்லை. ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது, போன் வயரில் ஓடிய அந்தக் காலத்து டயல்-அப் மோடம்.

“சத்தத்தை வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறீங்க?”

“வீட்ல ஒருத்தன் பேச்சையே நிறுத்திட்டான். இது கத்தினாத்தான் அவன் வாயைத் திறப்பான்.”

இப்படி ஒரு கிராக்கி அவருக்கு வாய்த்ததே இல்லை. “புதுசு ஒண்ணு போட்டுக் குடுத்துப் பாருங்களேன்” என்றார் பழக்க தோஷத்தில்.

“போட்டாச்சு, ஃபைபர். அது வந்ததுலேர்ந்துதான் இந்தப் பாடு. அந்தப் பெட்டி மூச்சே விடறதில்ல.”

“விடாதுக்கா. மோடத்துக்கு மொழிபெயர்க்கிற வேலை. கம்ப்யூட்டர் பேசறது வயருக்குப் புரியாது. புரியற மாதிரி மாத்தி அனுப்பணும். அந்தப் பக்கம் இருக்கிறது அதைத் திருப்பிப் பேச்சா மாத்திக்கணும். இந்தப் பழசு எல்லாத்தையும் சத்தமா மாத்தும். அதான் நம்ம காதுலயும் விழுந்துது. அப்புறம் வந்த டிஎஸ்எல், அதே போன் வயருதான், ஆனா காதுக்கு எட்டாத உச்சத்துல பேசும். கேபிள் மோடம் டிவி வயர்ல ஒண்டுக்குடித்தனம். உங்க வீட்டுக்கு வந்திருக்கே, அது வெளிச்சத்துலயே பேசும். எல்லாம் ஊமைக் குசும்பு.”

அவள் சிரிக்கவில்லை. “அப்ப இதைத்தான் பேச வைக்கணும்.”

“அது தனியாப் பேசாதுக்கா! ஒண்ணு கூப்பிடணும், இன்னொண்ணு பதில் சொல்லணும். ரெண்டும் குசலம் விசாரிச்சு, எவ்வளவு வேகமாப் பேசலாம்னு ஒத்துக்கிட்டாத்தான் லைன் கிடைக்கும்.”

“கூப்பிடறதுக்கு அவன் இருக்கான். பதில் மட்டும் போதும்.”

வீட்டில் இன்னொரு பழைய மோடம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரை ஒரு நடை வரச் சொல்லுங்களேன். அவர்கிட்ட விளக்கமாச் சொல்லிடறேன்.”

“அவர் இருந்தா நான் ஏன் தம்பி இதைத் தூக்கிட்டு அலையறேன்? இது அவர் ஆசையா வாங்கினது. கடைசி வரைக்கும் விடிஞ்சதும் இதுலதான் லைன் போடுவாரு. போன வருஷம் போய்ட்டாரு.”

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“விடிஞ்சதும் கூப்பிடுவான்” என்றாள், மோடத்தைத் தடவியபடி. “கூப்பிட்டுட்டுக் காத்துக்கிட்டே இருப்பான். பதில் வந்தாத்தானே மேல பேசறதுக்கு? இப்பல்லாம் கூப்பிடறதே குறைஞ்சுபோச்சு. அதையும் மறந்துட்டான்னா, எனக்குன்னு அந்த வீட்ல ஒரு பேச்சுக் குரல் இல்ல தம்பி.”

திரை போட்ட ஓர் அறையும், அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையனும் மெக்கானிக்கின் கண்முன் வந்தார்கள். பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவருக்கு மனசு கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்தார். ஸ்பீக்கர் வயர் பச்சை பூத்து அற்றுப்போயிருந்தது. வேறு ஸ்பீக்கர் வைத்துப் பற்றவைத்து, லைன் இல்லாமலே பதில் குரல் எழுப்ப வைக்கும் முன்பக்கத்துப் பொத்தானை அமுக்கினார்.

கீ... என்று நீளமாக ஒரு குரல் எழுந்தது. பிறகு ஒரு விக்கல், ஒரு கரகரப்பு. தெருவில் போன வண்டிச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. அலமாரி விளக்குகள்கூட நின்று கேட்பதாகத் தோன்றியது அவருக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“இதேதான்” என்றாள்.

“காலையில நானே வந்து வெச்சுத் தரேன்க்கா.”

மறுநாள் அவள் காட்டிய அறை, அவர் நினைத்துப் பார்த்த மாதிரியே இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதந்தது. கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே, கண்ணாடி போட்ட ஒரு மனிதரின் படம். மூலையில் ஒரு துணித் திரை.

“இப்பத்தான் முழிச்சிருப்பான்” என்று கிசுகிசுத்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து எண்களை அமுக்கும் கீச்சொலிகள், ஒன்றுகூடப் பிசகாமல். மெக்கானிக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. அசல் டயல்-அப்பேதான். இன்னொரு மோடத்தைப் பையன் எங்கிருந்து பிடித்தானோ.

“இப்ப தம்பி!”

அவர் பொத்தானை அமுக்கினார். கீ... என்று பதில் போயிற்று. கரகரத்து அடங்கியது. அறையில் ஓசையே இல்லை. அவள் திரைப்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்றைக்கும் பேசவில்லையென்றால் இவள் தாங்கமாட்டாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

திரைக்குப் பின்னால் ஒரு கனத்த ஆண்குரல் உற்சாகமாகச் சொன்னது: “லைன் கெடச்சிருச்சு, குட்டிம்மா. சீக்கிரம் வா!”

மெக்கானிக் திகைத்தார். எந்தப் பிள்ளை பெற்றவளை இப்படிக் கூப்பிடுவான்?

“இதோ வந்துட்டேங்க” என்று சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரையை விலக்கினாள். கூண்டுக்குள் ஒரு சாம்பல் நிறக் கிளி தலையைச் சாய்த்து, அவள் கணவரின் குரலில் இன்னொரு தடவை கூப்பிட்டது.